பத்து வீட்டு மாவு

டிசம்பர் வந்தால் எனக்குத் தோள்பட்டை போய்விடுகிறது. கையால் சுற்றுகிற ஏந்திரக் கல்லில் சாமை அரைத்து வருகிற வலி. நான் பஞ்சர் ஒட்டுகிறவன். லாரி டயரையே கழற்றி மாட்டுகிற கை இது. ஆனாலும் இரண்டு படி சாமையை மாவாக்குவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அரைக்கும்போதெல்லாம் ஒரு ஆளைத் திட்டிக்கொண்டேதான் அரைக்கிறேன். அந்த ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேர் எழுத மாட்டேன். எழுதினால் அதற்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று கேட்டால் அதையும் சொல்லாது.

அந்த அக்கா அப்படித்தான். எதைச் செய்தாலும் ஏன் என்று சொல்லாது.

மலைமேல் பஸ் வந்து திரும்புகிற இடத்தில் என் கடை. என் கடைக்கும் அக்காவின் மாவு மிஷினுக்கும் நடுவில் ஒரே சுவர். மிஷின் ஓடினால் என் கடையில் தொங்குகிற ட்யூபெல்லாம் ஆடும். அக்கா புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கும். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. ஐம்பது வயதா அறுபது வயதா என்று யாருக்கும் தெரியாது. மாவுக்குள்ளே முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. கையில் ஒரு புளியங்குச்சி. மாவு விழுகிற துணிக்குழாயை அந்தக் குச்சியால் தட்டிக்கொண்டே இருக்கும். தானியத்தில் கையை விட்டுப் பார்க்கும், கொட்டும், அரைக்கும். ஒருமுறை ஓடவிட்டால் வரிசை முடிகிறவரைக்கும் மிஷினை நிறுத்தாது. ஒரு தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிட்ட கையோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு மாவு படிந்த வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருநாள் மேல் ஊர்க்காரர் ஒருவர் ஒரு மூட்டை கேழ்வரகு, எங்கள் பேச்சில் கேவுரு, சுமந்துகொண்டு வந்தார். அக்கா கையை விட்டுப் பார்த்தது. மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தது.

"இன்னாம்மா, எனுக்கு அரைக்க மாட்டியா?"

அக்கா அடுத்த மூட்டையை அவிழ்த்தது.

"நாலு மைலு செமந்துக்கினு வந்துகீறேன். என் கேவுருக்கு இன்னா கேடு?"

அக்கா குழாயைத் தட்டியது. அவர் தொண்டை கட்டுகிறவரை கத்திவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் மிஷினுக்குப் போனார். அங்கே மாவு கல்லோடு அப்பிக்கொண்டு பாதி வீணாகிவிட்டது. கேவுரு ஈரம். மறுவாரம் மிச்சத்தைக் காயவைத்து எடுத்துக்கொண்டு இங்கேயே வந்தார்.

"ஈரமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாம்மா?"

"உன் கேவுரு தானே. உனுக்குத் தெரியாதா?"

அக்கா ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது டீக்கடையில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

மிஷின் பெல்ட் அறுந்தால் நான்தான் தைத்துக் கொடுப்பேன். கூலி கேட்டதில்லை, அக்காவும் கொடுத்ததில்லை. அதற்குப் பதில் என்று சொல்லாமலே என் மகளுக்கு மாவு கொடுத்துக்கொண்டிருந்தது.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. தின்றது எதுவும் தங்காது. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. நோஞ்சான் பிள்ளைக்குப் பத்து வீட்டு மாவு கொடுத்தால் சதை பிடிக்கும் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் அரைத்து முடித்ததும் துணிக்குழாயைத் தட்டினால் கடைசியாக ஒரு பிடி மாவு விழும். அதை அக்கா ஒரு தகர டின்னில் பிடித்து வைக்கும். எவரும் அதைக் கேட்க மாட்டார்கள். அது நோஞ்சான் பிள்ளையின் பங்கு. கேவுரு, சாமை, கம்பு, சோளம், பச்சரிசி, ரேஷன் கோதுமை என்று ஊர் தின்கிற எல்லாம் அந்த டின்னில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் டின்னைக் கொண்டுவந்து என் கடைப் படியில் வைத்துவிட்டுப் போகும். என் மனைவி அதில் கூழ் காய்ச்சி, வாரம் முழுக்க மகளுக்குக் கொடுப்பாள்.

பிள்ளை தேறவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமை ஆகாத நோய் என்றார்கள். கோதுமை, மைதா, ரவை எதுவும் வாயில் படக்கூடாது, சாகிறவரைக்கும். மாத்திரை கிடையாது. அவ்வளவுதான் வைத்தியம்.

டீக்கடையில் சிரித்தார்கள். "சாமை வெளையற மலையில பொறந்துட்டு கோதும நோவா? பட்டணத்து நோவுய்யா இது!" என்றான் ஒருவன். அவன் மேல் டீயை ஊற்றிவிட்டு வந்தேன்.

சப்பாத்தியை நிறுத்தினோம். பிஸ்கட், பரோட்டா, சேமியா, தீபாவளிக்கு வாங்குகிற பாதுஷா எல்லாவற்றையும் நிறுத்தினோம். டிசம்பர் கடைசியில் கீழே இருந்து பேக்கரி வண்டி கேக் ஏற்றிக்கொண்டு வரும். வருஷப் பிறப்புக்கு என்று பள்ளிக்கூடத்தில் வாங்கி, லீவு நாளிலும் பிள்ளைகளை வரச்சொல்லி டீச்சர் வெட்டுவார். அந்த வருஷம் நான் மகள் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் வந்து, "அடுத்த வருசமும் வாழப்பயம் தானாப்பா?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

இவ்வளவையும் நிறுத்தினோம், பத்து வீட்டு மாவை மட்டும் நிறுத்தவில்லை. அது கோதுமை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கோதுமை என்றால் சப்பாத்தி, ரொட்டி. பத்து வீட்டு மாவு மருந்து. மலையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டின் ஒன்று இருப்பது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகாதது எதுவும் கொடுப்பதில்லை என்று நாங்களும் சத்தியம் செய்தோம். இப்படியே மாசங்கள் ஓடின. பிள்ளை எலும்பாகிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை டின் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்கா டின்னை எடுத்துக்கொண்டு போய்ப் பன்றித் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் என் மனைவி எங்கள் கொல்லையில் விளைந்த சாமையை அரைக்கக் கொண்டுபோனாள். அக்கா கையைக்கூட விட்டுப் பார்க்கவில்லை. பாத்திரத்தைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்துவிட்டது. அவள் அழுதுகொண்டு வந்தாள். நான் கையிலிருந்த டயர் கழற்றுகிற லிவரைக்கூடக் கீழே போடாமல் போனேன். வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், மிஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

"பெல்ட்டு அறுந்தா நான் வேணும். என் பொண்ணு பங்கு பன்னிக்குப் போவுதா? உன் மிஷினு தீட்டாப் பூடுமா என் சாமைய அரைச்சா? இன்னா தப்பு பண்ணோம், வாயத் தொறந்து சொல்லு!"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தது. மிஷினைப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. என் வாய் அசைவதுதான் தெரிந்திருக்கும். உன் கை விளங்காமல் போகும் என்று கத்தினேன். அது கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதிலிருந்து வேறு ஊர் மிஷினுக்கு வண்டியில் போய் அரைத்து வந்தேன். அந்த மிஷின்காரர் தங்கமான மனிதர், வாய் நிறையப் பேசுவார். மகளின் கதையைக் கேட்டுவிட்டு அவரே ஒரு டின் வைத்தார். வாராவாரம் பத்து வீட்டு மாவு கொடுத்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள். ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனோம். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற அம்மா ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில் என்ன கொடுக்கறீங்க?"

"கூழுங்க."

"எந்த மாவு?"

"பத்து வீட்டு மாவுங்க."

"அப்படின்னா? அதுல என்னென்ன இருக்கும்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். கேவுரு. சாமை. கம்பு. சோளம். பச்சரிசி. ஆறாவது விரலை மடக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. கோதுமை அரைக்கிற மிஷினில் தனிச் சாமையை அரைத்தாலும் ஆகாது, கல்லில் ஒட்டியிருக்கிற தூசி போதும் என்றார். சலிக்கிற சல்லடைகூடத் தனியாக வேண்டும் என்றார். நான் வெளியே வந்து மழையில் நின்றேன்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. நடுவில் இரண்டு மாசம் ரேஷனில் கோதுமை வரவில்லை. அந்த இரண்டு மாசம் பிள்ளை கொஞ்சம் தெளிந்திருந்தாள், வாசலில் பாண்டி ஆடினாள். கோதுமை வந்த வாரமே மறுபடியும் சுருண்டாள். பெற்ற எங்கள் கண்ணில் படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டின் பிடித்துக்கொண்டு நின்ற ஆளின் கண்ணில் பட்டிருக்கிறது.

மலைக்கு வந்ததும் நேராக மிஷினுக்குப் போனேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை கத்திக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஊரு மிஷின்காருகிட்ட மாவு வாங்கியிருப்பேனா?"

அக்கா என் பக்கம் திரும்பியது. "சொன்னா?" என்றது. அவ்வளவுதான். மறுபடி குழாயைத் தட்டியது.

சொன்னால் என்ன என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். தன் கையாலேயே டின் டின்னாகக் கொடுத்ததைத் தன் வாயால் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கலாம். தனக்கே நிச்சயமாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். இதெல்லாம் நானாக நினைத்துக்கொள்வது. அன்றைக்கு எனக்கு யோசனை எல்லாம் வரவில்லை. வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளைக்கு இத்தனை ஊசி ஏறியிருக்காது என்பது மட்டும்தான் தெரிந்தது. இன்றைக்கும் அது உண்மைதான். நான் அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அக்கா பக்கம் அதனால் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

டிசம்பர் பிறந்தது. மிஷினுக்குப் பின்னால் தினமும் புகை வர ஆரம்பித்தது. சுவர் ஓட்டையில் பார்த்தேன். புது அலுமினிய அண்டாவில் ஆற்று மணல் கொட்டி, உள்ளே ஒரு தட்டு வைத்து, மூடியின் மேல் தணல் அள்ளிப் போட்டு ஏதோ செய்துகொண்டிருந்தது. முதல் நாள் எடுத்தபோது மணலோடு மணலாக உதிர்ந்தது. நாய் தின்றது. இன்னொரு நாள் செங்கல் மாதிரி வந்தது. நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"இன்னாக்கா, பேக்கரி வெக்கப் போறியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

அக்கா தணலை ஊதியது.

கோதுமை இல்லாத மாவு ஒன்றோடு ஒன்று பிடிக்காது. அது பேக்கரிக்காரனுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. ஆனால் களி கிண்டத் தெரியும். சாமை மாவில் கால் பங்கை எடுத்துக் கொதிக்கிற வெல்லத் தண்ணீரில் போட்டுக் களியாகக் கிண்டியது. அது ஆறினதும் மிச்ச மாவு, காயவைத்து இடித்த பலாக்கொட்டை மாவு, முட்டை, கனிந்த வாழைப்பழம், ஆப்பச் சோடா எல்லாம் போட்டுப் பிசைந்தது. களி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எடுத்தது உதிரவில்லை. அக்கா அதைக் கத்தியால் வெட்டி, வெட்டின பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அந்த அண்டாவோடு என் கடைக்கு யாரோ ஒரு பெண் வந்தாள். யார் என்று தெரியவில்லை. குளித்து, வேறு புடவை கட்டி, ஈரத் தலை. முகத்தில் துளி மாவு இல்லை. நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"எதுல அரைச்ச?" என்றேன். மாசக் கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அக்கா திரும்பிப் போனது. ஒரு சல்லடையோடு வந்தது. என் மூக்குக்கு நேராக நீட்டியது. புது சல்லடை, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பிறகு பின்பக்கம் கையைக் காட்டியது. அங்கே புதிதாகக் கொத்திக் கழுவிய ஏந்திரக் கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அண்டாவைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

நான் அதை மகளுக்குக் கொடுக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். சல்லடையைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், எல்லாம் புரிந்தது. இருந்தாலும் கை வரவில்லை. மறுநாள் மகள் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் வாழைப்பழம்தான் கொண்டுபோனாள். கேக்கை என் கடையில் பேட்ச் ஒட்டுகிற சாமான் வைக்கிற மரப்பெட்டிக்குள் காகிதம் சுற்றி ஒளித்து வைத்தேன். சாயங்காலம் பிரித்தால் ஒரு மூலை இல்லை. எலி என்று நினைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. மிச்சத்தை நானே இரண்டு நாள் தின்றேன். கொஞ்சம் புகை வாசனை. அடியில் லேசாகக் கருகல். பேக்கரி கேக் மாதிரி எல்லாம் இல்லை. கனம். ஆனால் நன்றாக இருந்தது. அது எனக்குக் கோபத்தை இன்னும் கிளப்பியது.

மூன்றாம் நாள் அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"பாப்பா சாப்ட்டா. நல்லா இருந்துச்சாம்," என்று பொய் சொன்னேன்.

அக்கா என்னை உற்றுப் பார்த்தது. சிரித்த மாதிரி இருந்தது. மாவு முகத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் அக்கா போய்விட்டது. குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற மகன் வந்து அழைத்துப் போனதாகச் சொன்னார்கள். மிஷினை யாரோ கீழே இருந்து வந்து கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அன்று டயர் வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் கடைப் படியில் ஏந்திரக் கல்லும் அண்டாவும் சல்லடையும் இருந்தன. யாரிடமும் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து நான் அரைக்கிறேன். தினப்படிக் கூழுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மனைவி அரைத்துவிடுவாள். டிசம்பர் அரைப்பு என்னுடையது, அதை யாரிடமும் விடுவதில்லை. முதல் வருஷம் எனக்கும் செங்கல்தான் வந்தது. இப்போது டவுனில் கோதுமை இல்லாத கேக் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் எறும்பு மாதிரி எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வேறு வழி இருந்தால் இந்தக் கல்லைக் கிணற்றில் தள்ளிவிடுவேன். அவ்வளவு சலித்துவிட்டது.

மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். என் தோள் உயரம். இந்த டிசம்பரில் நான் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் முனகிக்கொண்டிருந்தேன்.

"அந்த அத்தையத் திட்டாம உனுக்கு அரைக்கவே வராதாப்பா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அது. அவ்ளோதான் என் கோவம்."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "அந்த மொத கேக்கு கீதே, மரப்பெட்டியில நீ ஒளிச்சு வெச்சது. அத நான் சாப்ட்டேன்," என்றாள்.

கல் நின்றுவிட்டது.

"ஒரு மூலைதான். நீ டீ குடிக்கப் போயிருந்த. ரெண்டு நாளு பாத்தேன், வயித்துக்கு ஒண்ணும் ஆவல. அத்தைகிட்ட போய் சொன்னேன். அப்பா குடுக்கல, நானா எடுத்து சாப்ட்டேன், ஒண்ணும் ஆவலன்னு."

"இன்னா சொல்லுச்சு?"

"மிஷின நிறுத்திடுச்சுப்பா."

"வரிசை முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. ஆளுங்க நின்னுக்கினு இருந்தாங்க. பாதி கேவுரு உள்ள கீது. நிறுத்திட்டு மூட்ட மேல உக்காந்துடுச்சு. எல்லாரும் கத்தறாங்க, எழுந்துக்கவே இல்ல. அப்புறம் எங்கிட்ட, உங்கப்பன்கிட்ட சொல்லாதன்னுச்சு."

"ஏனாம்?"

கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அந்த ஆளிடம் ஏன் என்று கேட்டு யாருக்குப் பதில் கிடைத்திருக்கிறது?

"நானும் கேட்டேன். சொல்லுச்சுப்பா." மகள் முறத்தைக் கீழே வைத்தாள். "உங்கப்பன் எம்மேல கோவமாவே இருக்கட்டும். கோவம் இருக்கிற வரைக்கும் எவன் இன்னா குடுத்தாலும் மோந்து பாத்துட்டுதான் உனுக்குக் குடுப்பான்னுச்சு."

நான் கல்லின் பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாப்பா, நிறுத்திட்ட?"

"தோளு வலிக்குது."

"குடு, நான் சுத்தறேன்."

கொடுக்கவில்லை. மிச்சச் சாமையையும் அரைத்து முடித்தேன். சல்லடையை எடுத்தேன். விளிம்பில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. சலிப்பதற்கு முன்னால் மாவில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தேன். சாமைதான்.